மேசையை விட்டு எழாதவள்

லவெர்ன் ஹோல்கம் இருபத்தாறு வருடம் தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவள். ஓய்வுக்குப் பின், தேர்தல் வந்தால் மாவட்ட அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மேசை உண்டு. கொலராடோவில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். திருப்பி அனுப்பும் உறைமேல் போடுகிற கையெழுத்துதான் ஆளுக்கு அடையாளம். இயந்திரம் சந்தேகப்பட்ட கையெழுத்துகளை, கட்சிக்கு ஒருவராக இருவர் உட்கார்ந்து பழையதோடு ஒப்பிடுவார்கள். இருவருமே 'இல்லை' என்றால்தான் உறை ஒதுக்கப்படும். லவெர்ன் குடியரசுக் கட்சி. அவளோடு உட்கார்ந்த எலோய் மார்ட்டினஸ் ஜனநாயகக் கட்சி. உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை பார்ப்பவன், நல்ல பிள்ளை.

அன்று மதியம் திரையில் வந்த பெயர் டுவெய்ன் புர்டிக். பக்கத்துப் பண்ணைக்காரன். வசந்தத்தில் அவன் நாய் அவளுடைய கோழிக்கூட்டையே காலி செய்திருந்தது. கேட்கப் போனவளிடம், "கூண்ட ஒழுங்காப் பூட்டத் தெரியாதா?" என்றான். அதோடு பேச்சு நின்றது.

தெரிந்தவர் பெயர் வந்தால் எழுந்துவிட வேண்டும், அடுத்த ஜோடி பார்த்துக்கொள்ளும் என்று அதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தார். லவெர்ன் எழவில்லை.

பழைய கையெழுத்து சாய்வாக ஓடியது. புதியது கோணல்மாணலாகக் கிறுக்கியிருந்தது.

"கை நடுங்கியிருக்கலாம்க்கா," என்றான் எலோய். "அந்த முதல் எழுத்து கொஞ்சம் ஒத்துப்போகுதே."

"அவன் கையெழுத்த எத்தன வருஷமாப் பாத்திருக்கேன்! இது அவன் போட்டதே இல்ல. பொண்டாட்டி போட்டிருப்பா."

"உங்களுக்குத் தெரிஞ்சா சரி," என்று அவனும் 'இல்லை' பொத்தானை அமுக்கினான். லவெர்னுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது.

தேர்தல் முடிந்த சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் விருந்து. டுவெய்னின் வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. வாக்குச்சீட்டு வருவதற்குச் சில நாள் முன்பு வைக்கோல் கட்டும் இயந்திரம் இரண்டு விரலைக் கொண்டுபோயிருந்தது. மனைவி ஜோலீன் அவனுக்குச் சோள ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

"மாவட்டத்துலேருந்து கடுதாசி வந்திருக்குப்பா," என்றான் எல்லோருக்கும் கேட்க. "நான் நானே இல்லையாம்!"

"ஜோலீன்கிட்ட கேட்டா அவளும் அதத்தான் சொல்லுவா!" என்றான் ஒருவன். கூடமே சிரித்தது.

"பதில் அனுப்பலையா?" என்று கேட்டான் இன்னொருவன்.

"எதுக்கு? எடக்கையால பேரு எழுதறதுக்குள்ள உயிர் போச்சு. மறுபடி எழுதினா மறுபடி திருட்டுக் கையெழுத்துன்னுவானுங்க."

லவெர்ன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினாள்.

திங்கட்கிழமை அதிகாரி திருமதி க்வின்டானாவிடம் போய், "நான் எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்கல," என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இனி நான் மாத்த முடியாது. அவர்தான் கடுதாசியோட வந்த சீட்டுல கையெழுத்துப் போட்டு, லைசென்ஸ் நகலோட அனுப்பணும். புதன்கிழமை கடைசி. கூப்பிட்டோம், போன வெச்சிட்டார். நீங்க இனி அந்த மேசைக்கு வர வேண்டாம்."

"நான் செஞ்சத அவர்கிட்ட சொல்லலாமா?"

"உங்க தப்ப நீங்க சொல்றத நான் எப்படித் தடுக்க?"

டுவெய்ன் வீட்டுச் சமையலறை வாசலிலேயே நின்று சொன்னாள். "உன் உறைய ஒதுக்கின ரெண்டு பேர்ல ஒருத்தி நான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கோழிக்காகவா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "அதுக்கும்தான்," என்றாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜோலீன் குழாயை மூடினாள்.

"என் கை போனது தெரியாதா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கணும்னும் தோணல."

டுவெய்ன் கட்டுப் போட்ட கையை மேசைமேல் தூக்கி வைத்தான். பிறகு, "ஜோலீன், அந்தச் சீட்ட எடு," என்றான். இடது கையால் எழுத எழுதக் காகிதம் நழுவியது. பிடித்துக்கொள்ள லவெர்ன் கை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றான். சர்க்கரை ஜாடியைக் காகிதத்தின் மேல் நகர்த்தி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி தன் பெயரை எழுதி முடித்தான். அதுவரை லவெர்ன் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாக்கு எண்ணப்பட்டது. கடையில் பார்த்த எலோய், "நானும்தானே அமுக்கினேன்," என்று ஆறுதல் சொன்னான். "உன்ன நம்ப வெச்சது நான்," என்றாள் அவள்.

இப்போதும் சாலையில் எதிர்ப்பட்டால், எல்லோருக்கும் காட்டுவதுபோல டுவெய்ன் அவளுக்கும் கை காட்டுகிறான். பதிலுக்கு இவளும் காட்டுகிறாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.