கட்டம் கட்டமாய் வந்த கடிதங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் சோமனூரில் ஒரு துணி ஏற்றுமதி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மின்னஞ்சல் புதிது. போன் லைனில் இணைத்து இறக்கினால், பாதிக்கு மேல் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக ஏதோ சீன, கொரிய விளம்பரங்கள் வந்து விழும். ஒரு எழுத்துகூடப் புரியாது. புரியாத எதையும் நான் நம்ப மாட்டேன். என் சுபாவம் அப்படி.

“கண்ணு, இதுக்குள்ள வைரஸ் கிய்ரஸ் இருந்துபோட்டா என்ன பண்றது?” என்றார் முதலாளி.

ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும், அது எந்த மொழி எழுத்துக்கான குறியீட்டில் வருகிறது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அந்த வரியில் சீனக் குறியீடோ கொரியக் குறியீடோ இருந்தால், கண்ணில் படாமலே அழித்துவிடும்படி ஒரு வடிகட்டி போட்டேன். அழிக்காமல் தனியே எடுத்து வைக்கவும் வழி இருந்தது. குப்பையைச் சேர்த்து வைத்து என்ன செய்ய? மறுநாளே பெட்டி சுத்தமாகிவிட்டது. முதலாளிக்கு ஏக சந்தோஷம்.

அடுத்த மாதம் தைவான்காரர் ஒருவர், சாம்பிள் துணியைப் பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருந்தார். எழுதவே இல்லை. பிறகு ஒரு ஃபேக்ஸ் வந்தது: மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லாததால் ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டாராம்.

தினமும் காலையில் மின்னஞ்சல்களை அச்செடுத்து முதலாளி மேசையில் வைப்பது டைப்பிஸ்ட் பெண்ணின் வேலை. அவள் அண்ணன் பக்கத்துக் கம்பெனியில் சூப்பர்வைசர். “லெட்டரெல்லாம் அங்கதானுங்க போயிருக்கும்” என்று பற்றவைத்தது நான். எல்லார் முன்னாலும் அவள் கைப்பையைக் கொட்டிப் பார்த்ததும் நான்தான்.

“சாமி சத்தியமா அப்படி ஒண்ணு வரவே இல்லீங்க” என்று அழுதாள். அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்துக் கம்ப்யூட்டர் மக்கர் செய்ய, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். வடிகட்டியைத் திரும்பப் போட மறந்துபோனேன். தைவான்காரரின் மின்னஞ்சல் வந்து நின்றது. சாம்பிளைத் திருப்பி அனுப்பட்டுமா என்று நல்ல இங்கிலீஷில் கேட்டிருந்தார். தலைப்பில் மட்டும் சீனக் குறியீடு. அது அவருடைய கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொண்டது. அட நாசமாப் போறவனே, என்று என்னையே திட்டிக்கொண்டேன். முன்பு வந்த மூன்றையும் என் வடிகட்டிதான் விழுங்கியிருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “போயி அந்தப் புள்ளையக் கையோட கூட்டிட்டு வா” என்றார்.

அவள் வீட்டு வாசலில் நின்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். “தப்பு என்மேலதான் அம்மணி. மனசுல வச்சுக்காம வேலைக்கு வந்துரு.”

“ஏனுங்க, நாளைக்கு இன்னொண்ணு காணாமப் போனா, மொதல்ல யாருமேலங்க சந்தேகப்படுவீங்க?”

“உன்மேல இல்லை” என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.