பஷீரைப் பற்றி நான் எழுதியது

டூரிஸ்ட் கார் ஓட்டும் பஷீரின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். இரண்டு வருடங்களுக்கு முன், எங்கோ சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்த வாரம், செம்பாக்கத்தில் என் வீட்டு மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தம்பதியை மகாபலிபுரம் அழைத்துப்போக அவர் வந்தார். பெயரைக் கேட்டதும் அவர்களைத் தடுத்தேன். இவரை நம்பிப் போகாதீர்கள் என்று இணையத்திலும் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்.

இன்று மன்னிப்புக் கேட்பதற்காகவே அவர் வண்டியில் விமான நிலையம் போகிறேன். வழியில் போலீஸ் சோதனை. லைசென்ஸில் பெயரைப் படித்த காவலர், ஸ்டெப்னியைக்கூட வெளியே எடுக்கச் சொல்கிறார். பஷீர் எடுத்து வைக்கிறார்.

வண்டி கிளம்பியதும் சொல்லிவிடுகிறேன். "அதை எழுதினது நான்தான், பஷீர்."

"தெரியும் சார். கீழ உங்க பேர் கீதே."

"நேத்து அதை அழிச்சிட்டேன். உங்களைப் பத்தி நல்லபடியா எழுதி, வண்டி படமும் போட்டிருக்கேன்."

வண்டி சட்டென்று ஓரமாக நிற்கிறது.

"என் பேரோடவா? இன்னா சார் பண்ணி வெச்சீங்க! ரெண்டு வருஷமா ரவின்னு சொல்லிக்கினு ஓட்டறேன். இப்பதான் வெளிநாட்டு சவாரி வருது. முதல்ல அதை எடுங்க சார்."

போனை எடுக்கிறேன். நான் அழித்து முடிக்கும்வரை அவர் வண்டியைக் கிளப்பவில்லை.