மிஞ்சிய முப்பத்தொரு ரொட்டி

நோயெமி சுரீத்தா நாற்பத்தொரு வயது வரை மொத்தம் மூன்று பொய்கள்தான் சொல்லியிருந்தாள். முதலாவது, எட்டு வயதில், பாவசங்கீர்த்தனத்தில். சொல்வதற்குப் பாவம் எதுவும் கையிருப்பில் இல்லாததால் பூனையை உதைத்ததாகப் பாதிரியாரிடம் சொல்லி வைத்தாள். வீட்டில் பூனையே கிடையாது. இரண்டாவது, மாமியார் வைத்த வேர்க்கடலை சூப்பைப் பிரமாதம் என்றது. மூன்றாவது, ஆராய்ச்சி நெறிமுறை பற்றிய இணையப் பாடத்தில் தன் சொந்த முயற்சியால் நூற்றுக்கு நூறு வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டது. அந்த ஆண்டு முனைவர் பட்ட வகுப்பில் பதினான்கு பேருக்கும் நூற்றுக்கு நூறு. விடைகள் வாட்ஸ்அப் குழுவில் வந்து சேர்ந்திருந்தன. அந்தச் சான்றிதழின் பலத்தில்தான், இளநிலை நர்சிங் மாணவிகளுக்கு நேர்மை குறித்து வகுப்பெடுக்கும் பொறுப்பு அவளுக்குக் கிடைத்தது. நன்றாகவே எடுத்தாள். இரண்டு மாணவிகள் அழுதார்கள்.

நான்காவது பொய்க்கு முப்பத்தொரு வரிகள் இருந்தன.

கொச்சபம்பாவில் பதினெட்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள், டாக்டர் பட்டம் வாங்கினால்தான் நிரந்தர ஆசிரியப் பணி என்று பல்கலைக்கழகம் சொன்னதால் ஆராய்ச்சியில் இறங்கினாள். சந்தையில் கடை போட்டிருக்கும் பெண்களுக்கு இரத்த அழுத்தம் அளப்பது, உப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை தருவது, நான்கு வாரம் கழித்து மறுபடி அளப்பது, குறைந்திருந்தால் அறிவியல் முன்னேறியது என்று எழுதுவது. இவ்வளவுதான் திட்டம். சான் இசிட்ரோ சந்தையில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் கையை நீட்ட ஒப்புக்கொண்டார்கள். அறிவுரைக்காக அல்ல, ரொட்டிக்காக. அளக்க வருகிறவர்களுக்குச் சிற்றுண்டி தர வேண்டும் என்பது விதி. உப்பு ஆராய்ச்சியில், உப்பும் கறிக்குழம்பும் அடைத்துச் சுட்ட சல்தெஞா கொடுக்க முடியாது என்பதால், நோயெமி தன் கையாலேயே உப்பில்லாத ரொட்டி சுட்டாள். எண்ணித்தான் சுட்டாள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நூற்று எண்பத்தொரு பேருக்கு இரண்டாவது அளவும் ஒழுங்காக முடிந்தது. கடைசியாகச் சேர்ந்த முப்பத்தொரு பேர்தான் பாக்கி. அவர்களை முதலில் அளந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து நான்கு வாரம் எண்ணினால் வருவது கார்னிவல் செவ்வாய். அதாவது சால்யா. கடைக்கும் தராசுக்கும் காருக்கும் காகிதச் சுருள் சுற்றிப் பீர் தெளிக்கும் நாள். அன்று கொச்சபம்பாவில் கடை திறப்பவனும் கிடையாது, நேராக நிற்பவனும் கிடையாது. திட்டம் தீட்டும்போது நாட்காட்டியில் வாரங்களை எண்ணினார்களே ஒழிய, ஊரை யாரும் எண்ணவில்லை.

மூன்று நாள் தாமதிக்கலாம் என்று திட்டத்தில் சலுகை இருந்தது. புதன்கிழமை முப்பத்தொரு ரொட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு நோயெமி சந்தைக்குப் போனாள். கதவுகள் சாத்தியிருந்தன. வியாழன் போனாள். ஒரு நாய் மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை. பெண்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போயிருந்தார்கள். திரும்பி வர இரண்டு வாரம் ஆகும்.

ரொட்டிகளைத் தின்று தீர்த்தது அவள் கணவன் எத்கர். வாடகைக் கார் ஓட்டுகிறவன், பல் திடமானவன்.

"உன் ஆராய்ச்சிய மத்தவங்க படிப்பாங்களோ இல்லையோ, நான் முழுசா தின்னுட்டேன்," என்றான் ஒன்பதாம் நாள்.

அன்று பிற்பகல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முப்பத்தொரு பேருக்கும் அவளே எண்களை எழுதினாள். அவசர அவசரமாக எழுதினாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பொய்யாக எழுதுகிறவர்கள் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிப்பார்கள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பவளே அவள்தானே. ஆகவே நூற்று இருபத்தி நாலு, நூற்று முப்பத்தொன்று, நூற்று இருபத்தேழு என்று கலைநயத்தோடு எழுதினாள். ஒவ்வொருத்திக்கும் கருணையோடு ஏழெட்டுப் புள்ளி குறைத்தாள். இரண்டு பேருக்கு வேண்டுமென்றே ஏற்றினாள். எல்லாருக்கும் குறைந்தால் நம்ப மாட்டார்கள். தேதியை மட்டும் அவள் எழுதவில்லை. முதல் தேதியோடு இருபத்தெட்டைக் கூட்டிக் கணினி தானே போட்டுக்கொண்டது.

சாந்தியாகோவில் இருக்கும் புள்ளிவிவர நிபுணர் கணக்கைப் பார்த்துவிட்டு மெச்சி எழுதினார்: ஒருவர்கூட விட்டுப்போகாத ஆய்வை இப்போதுதான் பார்க்கிறாராம். அவர் சிலி நாட்டுக்காரர். அவருக்கு அந்தச் செவ்வாய் வெறும் செவ்வாய்.

ஆய்வறிக்கையின் ஏழு பிரதிகள் நெறிக்குழுவின் ஏழு உறுப்பினர்களுக்கும் போன பிறகு, ஒரு திங்கட்கிழமை, நோயெமி தன் பிரதியைச் சும்மா புரட்டினாள். அறுபத்து மூன்றாம் பக்கம், நான்காம் அட்டவணை. முப்பத்தொரு வரி. முப்பத்தொன்றிலும் ஒரே தேதி.

கருவியைத் தன் கையிலேயே சுற்றி அளந்தாள். நூற்று ஐம்பத்திரண்டு. ஐந்து நிமிடம் விட்டு அளந்தாள். நூற்று ஐம்பத்தெட்டு. ஆராய்ச்சியில் அதுவரை வந்த அளவுகளில் இவ்வளவு கவனமாக எடுக்கப்பட்டவை வேறில்லை.

"சால்யா அன்னிக்கா?" என்றான் எத்கர் தட்டிலிருந்து தலை தூக்காமல். "அன்னிக்கு நம்ம ஊர்ல செத்தவனுக்கே போதை இறங்கியிருக்காது. முப்பத்தொரு பொம்பளைங்க வரிசையா உக்காந்து கைய நீட்டுனாங்களா?"

"நக்கல் பண்ணாத. வியாழக்கிழமை குழு கூடுது."

"நான் எங்க நக்கல் பண்றேன். அந்த முப்பத்தொரு ரொட்டியும் நான் தின்னது. நானும் கூட்டாளிதான்."

செவ்வாயன்று வழிகாட்டி டாக்டர் ஒரெய்யானாவின் அறைக்குப் போனாள். அவர் துணை டீன் பதவிக்கு நிற்பவர். அதனால் அந்த மாதம் முழுக்க யாரிடமும் எதையும் கேட்காமல் புன்னகைத்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டர், நாலாவது அட்டவணைல ஒரு சிக்கல்."

"சிக்கல்னு சொல்லாதம்மா. தேதி தப்பா விழுந்திருக்குன்னு சொல்லு."

அவள் திடுக்கிட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லலையே. நீ சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. முப்பது வருஷமா நான் கடைப்பிடிக்கிற முறை இது." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "யாராவது கேட்டா, விரல் தவறி தேதி மாறிப்போச்சு, நெசமா அளந்தது பத்து நாள் முன்னாடின்னு சொல்லு. யாரும் கேக்க மாட்டாங்க. பத்தரை மணிக்கு சல்தெஞா வந்துரும். ஆறினா குழம்பு கட்டிப்போகும்னு தலைவருக்கு பயம்."

"தோன்யா எஸ்கொலாஸ்திகா இருக்காங்களே?"

நெறிக்குழுவில் ஆறு பேர் படித்தவர்கள். ஏழாவது, பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதிக்காகச் சந்தைச் சங்கத்திலிருந்து வரும் உருளைக்கிழங்கு வியாபாரி எஸ்கொலாஸ்திகா கிளாரோஸ். மரியாதைக்கு எல்லோரும் தோன்யா என்பார்கள்.

"அந்தம்மா நாலு வருஷமா ஒரே கேள்விதான் கேக்குது. சிற்றுண்டி குடுத்தீங்களா? குடுத்தோம்னா முடிஞ்சுது. நீதான் குடுத்தியே?"

கொடுத்தாள்தான். ஆனாலும் புதன்கிழமை அவளால் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டில் உருளைக்கிழங்கு நிறைய இருந்தபோதிலும், உருளைக்கிழங்கு வாங்கச் சந்தைக்குப் போனாள்.

தோன்யா எஸ்கொலாஸ்திகாவின் தராசு என்றைக்கும் இல்லாத அளவுக்கு அசையாமல் நின்றது. நோயெமி கீழே பார்த்தாள். தராசின் ஒரு காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தது அவளுடைய ஆய்வறிக்கை.

"வா சிஸ்டர். உன் புஸ்தகம் நல்ல கனம். அளவா அறுத்து வெச்ச மாதிரி இருக்கு."

"படிச்சீங்களா தோன்யா?"

"படிக்காமயா? அறுபதாம் பக்கம் வந்துட்டேன்."

நோயெமி மறுபடி தராசின் காலடியைப் பார்த்தாள். "அறுபதா?"

"அறுபது. மிச்சத்தை இன்னிக்குப் படிச்சுருவேன்." கிழங்கை அள்ளிப் போட்டாள். "ஏன் சிஸ்டர் முகம் சுண்டைக்காயா இருக்கு? சாப்பிடலையா?"

இன்னும் மூன்று பக்கம். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மூன்று பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். அறுபத்தொன்று முழுக்க மேற்கோள்கள். அதில் தூங்கிவிட வாய்ப்புண்டு. அறுபத்திரண்டில் படம் இருந்தது. படம் என்றால் விழித்துக்கொள்வார்கள். படத்தைப் போட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். விரல் தவறிவிட்டது, விரல் தவறிவிட்டது என்று பேருந்தில் முணுமுணுத்ததில், பக்கத்து இருக்கைக்காரர் அவள் விரல்களைக் கவலையோடு பார்த்தார்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்குக் குழு கூடியது. மருந்தியல் பேராசிரியர் இரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளியைக் கண்டுபிடித்தார். வழக்கறிஞர் ஒப்புதல் படிவத்தில் பெருவிரல் ரேகை நீல மையா கறுப்பு மையா என்று கேட்டுத் திருப்தியடைந்தார். தலைவர், இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட விட்டுப்போகாத அரிய ஆய்வு என்று பாராட்டினார். டாக்டர் ஒரெய்யானா புன்னகைத்தார். யாரும் தேதியைக் கேட்கவில்லை. தோன்யா எஸ்கொலாஸ்திகா கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். பத்து இருபதுக்குத் தாழ்வாரத்தில் சல்தெஞா வாசனை வந்தது.

"தோன்யா, நீங்க ஏதாவது?" என்றார் தலைவர், எழுந்துகொண்டே.

"சிற்றுண்டி குடுத்தியா சிஸ்டர்?"

"குடுத்தேன் தோன்யா. ரொட்டி."

"தெரியும். என் மருமக ஒண்ணு கொண்டாந்து காட்டினா. செவுத்துல அடிச்சா செவுருதான் பேந்து வரும்." எல்லோரும் சிரித்தார்கள். "ரெண்டாவது தடவை அளந்தப்பவும் குடுத்தியா? சில டாக்டருங்க முதல் தடவை குடுத்துட்டு அடுத்த தடவை மறந்துருவாங்க."

இந்த ஒரு விஷயத்தில் நோயெமிக்கு மடியில் கனமில்லை. ஆகவே வழியிலும் பயமில்லாமல், நான்கு நாளில் முதல்முறையாக நிமிர்ந்து, பெருமையாகச் சொன்னாள். "ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். நானே சுட்டு, நானே எண்ணி, என் கையால குடுத்தேன். நூத்தி எண்பத்தொண்ணு."

கம்பளி ஊசி நின்றது.

"இருநூத்திப் பன்னெண்டு பேருன்னுல்ல இப்ப சொன்னாங்க. முப்பத்தோரு பேருக்கு ரொட்டி எங்க?"

விரல் தவறிவிட்டது என்று சொல்ல வாய் திறந்தாள் நோயெமி. தேதிக்கு அளவெடுத்துத் தைத்த பொய் ரொட்டிக்குப் பொருந்தவில்லை. டாக்டர் ஒரெய்யானா இருமினார். அவசரத்துக்கு அவள் வாயில் அகப்பட்டது உண்மை ஒன்றுதான்.

"என் வீட்டுக்காரர் தின்னுட்டார்."

"அவரு எதுக்குத் தின்னாரு? எங்க பொம்பளைங்க ரொட்டிய அவரு எதுக்குத் தின்னாரு?" தோன்யா எஸ்கொலாஸ்திகாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நாலு வருஷமா இதைத்தான நான் கேட்டுட்டு இருக்கேன்."

"அவங்க வரல தோன்யா. சால்யா. சந்தை மூடியிருந்துச்சு. மூணு நாள் கூடையோட வந்தேன்."

தலைவர் மெதுவாக உட்கார்ந்தார். "வரலைன்னா, அவங்க அளவெல்லாம் அட்டவணைல இருக்கே?"

"நான் எழுதினது."

"நீங்க அளந்து எழுதினதா?"

"நான் எழுதினது, டாக்டர். அளக்கல."

அறையில் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. ஏழு பேரும் அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் தேடினார்கள். தோன்யா எஸ்கொலாஸ்திகா விரலை வைத்து வாசித்தாள்.

"சால்யா செவ்வாக்கிழமை, நூத்தி இருபத்தி நாலு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை. "அன்னிக்கு நான் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன் சிஸ்டர். செவுருக்கே நூத்தி எண்பது இருந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சல்தெஞா ஆறியது. குழுவின் வரலாற்றில் அது முதல் முறை.

முடிவு பன்னிரண்டு மணிக்கு வந்தது. முப்பத்தொரு வரியும் நீக்கப்பட வேண்டும். பட்டத் தேர்வு ஓராண்டு தள்ளிவைக்கப்படுகிறது, அதற்குப் பிறகும் உண்டா இல்லையா என்பதை மேலிடம் சொல்லும். நேர்மை வகுப்பு வேறொருவருக்கு. முப்பத்தொரு பெண்களிடமும் நேரில் போய் நடந்ததைச் சொல்லி, அவர்கள் சம்மதித்தால் இப்போதைய அளவை எடுத்து, சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நெறிமுறைப் பாடத்தையும் மறுபடி படிக்க வேண்டும். டாக்டர் ஒரெய்யானா தனக்கு எதுவும் தெரியாது என்றார். முப்பது வருட முறை அவரைக் கைவிடவில்லை.

தாழ்வாரத்தில் நோயெமி கேட்டாள். "தோன்யா, அந்தப் பக்கத்த நேத்தே பாத்துட்டீங்கதான?"

"எங்க பாத்தேன்? அறுபத்தொண்ணுல ஒரே பேரா இருந்துச்சு. தூங்கிட்டேன்."

பாடத்தை அவள் தனியாகப் படித்து எழுதினாள். நூற்றுக்கு அறுபத்தெட்டு. விடைகள் குழுவில் இன்னும் இருந்தன. திறக்கவில்லை.

சனிக்கிழமை சந்தைக்குப் போனாள். பட்டியலில் முதல் பெயர் பாசிலியா, உலர் உருளைக்கிழங்குக் கடை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பாசிலியா கிழங்கைக் கொட்டியபடியே கேட்டாள்.

"எனக்கு எவ்வளவு போட்ட?"

"நூத்தி இருபத்தி நாலு."

"நல்லாத்தான இருக்கு. அதையே வெச்சுக்கயேன் கசேரா. எதுக்கு மறுபடி தொந்தரவு?" விற்பவளும் வாங்குபவளும் ஒருத்தியை ஒருத்தி அழைக்கும் சந்தைச் சொல் கசேரா.

"கைய நீட்டுங்க, தயவுசெஞ்சு."

கருவி இறுக்கியது, தளர்ந்தது. நூற்று எழுபத்தாறு. நோயெமி எண்ணைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் காத்திருந்தாள். இன்னொரு கையில் அளந்தாள். நூற்று எழுபத்து நான்கு.

"தலை வலிக்குதா?"

"கார்னிவல்லேருந்து வலிக்குது. பீருன்னு நெனச்சேன்."

"இப்பவே சுகாதார நிலையத்துக்குப் போகணும். எத்கர் வண்டி வெளில நிக்குது."

"சனிக்கிழமையா? கடைய யாரு பாக்கறது? உன் வீட்டுக்காரரா? அவரு இதையும் தின்னுருவாரு."

"நான் பாக்கறேன்."

பாசிலியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வண்டியை நோக்கி நடந்தாள். நோயெமி வெள்ளைக் கோட்டின் மேல் அதைக் கட்டிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். இன்னும் முப்பது பேர். அதில் எத்தனை பேருக்குத் தலை வலிக்கிறதோ.

கூடையோடு ஒருத்தி வந்து நின்றாள். "ஒரு கிலோ குடு கசேரா. சரியா இருக்குமா?"

நோயெமி நிறுத்தாள். தட்டை இறக்கி, முள் ஓயும் வரை பொறுத்து, மறுபடி நிறுத்தாள்.