தட்டை யார் எடுப்பது?

கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்க மதுரையிலிருந்து போயிருந்தேன். ஒருநாள் பர்கர் கடைக்குக் கூட்டிப்போனாள். சாப்பிட்டு முடித்ததும், "தட்டை நாமதான்ப்பா எடுத்து வைக்கணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர் டீக்கடையில் மற்றவர்கள் குடித்த கிளாஸைக் கடைக்காரர் கழுவுவார். எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ். நாங்களே கழுவி ஓரமாக வைக்க வேண்டும். இனி எந்தக் கடையிலும் எச்சில் பாத்திரத்தைத் தொடுவதில்லை என்று இளவயதிலேயே முடிவெடுத்தவன் நான்.

"எடுக்க மாட்டேன் தாயி. நம்மள மட்டும் எதுக்குச் சொல்றாய்ங்க?"

"நம்மள மட்டும் இல்லப்பா. அங்க பாருங்க."

பக்கத்து மேசையில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர் தன் தட்டைத் தானே எடுத்துப்போய், குப்பையைக் கொட்டிவிட்டு அடுக்கில் வைத்தார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாங்கிக்கொள்ள மகள் கை நீட்டினாள், கொடுக்கவில்லை. நேராகப் போய், என் தட்டை அவருடைய தட்டின் மேலேயே வைத்தேன்.