இருபத்திரண்டு பொன்னாடைகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு போட்டோவுக்காக இவள் எதற்கு இப்படி எரிந்து விழுகிறாள் என்று தோன்றும்.

எனக்கு மியூசிகல் பைத்தியம். மேடையில் ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். பேச்சு போதாமல் போகிற இடத்தில் பாட ஆரம்பித்துவிடுவார்கள். கல்லூரி விடுதியில் அறைத்தோழி கொண்டுவந்த ஒரு சிடியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கூட உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சண்டை போடறப்ப எவளாச்சும் பாடுவாளா?" என்றாள் ஒருத்தி. எழுந்தது முதல் படுக்கிறவரை சினிமாப் பாட்டு கேட்கிறவள் அவள். அவளுக்கு இது சிரிப்பாம்.

நான் சிரிக்கவில்லை. நம் சினிமாவில் பாட்டு வந்தால் கதை ஓரமாக நின்று காத்திருக்கும். நாம் எழுந்துபோய் முறுக்கு வாங்கிக்கொண்டு வரலாம். மியூசிகலில் பாட்டின்போது எழுந்து போனால் திரும்பி வந்து பக்கத்து சீட்டில் கதை கேட்க வேண்டியதுதான். பாட ஆரம்பிக்கிற ஆள் ஒருவர், பாடி முடிக்கும்போது அவர் வேறு ஆளாகியிருப்பார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான், ஆனால் அது போதுமாக இருந்தது.

இப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. சாயிபாபா காலனியில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காதில் நோயாளிகளின் பெயர், இன்னொரு காதில் ஏதோ ஒரு நாட்டு நாடகக் கொட்டகையில் பதிவான பாட்டு. எந்த நாடகத்தில் எந்த நடிகை விலகினாள், அவள் இடத்துக்கு வந்தவள் மேல் ஸ்தாயியில் எங்கே தடுமாறுகிறாள் என்றெல்லாம் கேட்டால் சொல்வேன். இணையத்தில் என் மகள் வயதுப் பிள்ளைகளோடு இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். திருப்பூரில் தெருவோரக் குவியலில், ஏற்றுமதியில் கழிந்த பனியன்களுக்கு நடுவே, எனக்குப் பிடித்த நாடகத்தின் படம் அச்சடித்த ஒன்று கிடைத்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இன்னமும் வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பம்புசெட் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமே கிடையாது, அதுதான் என் வயிற்றெரிச்சல். சமையலறையில் நான் பாடிக்கொண்டிருந்தால் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். யாராவது கேட்டால், "நம்ம அம்மணிக்கு இங்கிலீஷ் பஜனைங்க" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இருபத்திரண்டு வருடத்தில் என் பாட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை அவர் கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போனில் ஒரு அறிவிப்பு கண்ணில் பட்டது. கோவையிலேயே, தமிழிலேயே ஒரு மியூசிகல், நடித்துப் பழக்கமில்லாதவர்களும் வரலாம் என்று. போனேன், பாடிக் காட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். பீளமேட்டில் மூடிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சனி, ஞாயிறு மதியங்களில் ஒத்திகை. சாம்பார் வாசம் இன்னும் சுவரில் இருந்தது. இயக்குநர் திருச்சிப் பக்கத்துப் பையன், முப்பது வயதிருக்கும், ஐடி வேலைக்காக இங்கே வந்தவன். நான் உட்பட இருபத்திரண்டு பேர்.

ஒரு டவுன் பஸ்ஸில் ஒரே நாளில் நடக்கிற கதை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பஸ். நான் ஒரு தாயார். மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறவள். அங்கே அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆனாலும் வாரா வாரம் தூக்குப்போசியில் எதையாவது சமைத்து எடுத்துக்கொண்டு போகிறாள். கடைசிக் காட்சியில் பஸ்ஸில் எழுந்து நின்று பாடுகிறாள். ஆறு நிமிடப் பாட்டு. பாட ஆரம்பிக்கும்போது மகள் வீட்டுக்குப் போகிறவள், பாட்டு முடியும்போது மணிக் கயிற்றை இழுத்து ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, திரும்பித் தன் வீட்டுக்கு நடக்கிறாள். முழு நாடகமும் அந்த இறக்கத்துக்காகத்தான். ஏழு மாதம் அந்த ஆறு நிமிடத்தோடுதான் வாழ்ந்தேன். பல் பிடுங்க வந்தவர்கள் முன்னால்கூட முணுமுணுத்திருக்கிறேன்.

முதல் நாளே இயக்குநர் ஒன்று சொல்லியிருந்தான். "குத்துவிளக்கு கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடை கிடையாது. திரை திறந்தா கதை, மூடுனா வீடு." எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவள் நான்தான்.

நாடகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். நீங்கள் வந்தே ஆக வேண்டும், முன்வரிசையில் உட்கார வேண்டும், கடைசியில் ஒரு பாட்டு இருக்கிறது, அதைக் கேட்க வேண்டும்.

"வாரேன் அம்மணி. ஆனா மாமாவக் கூப்படாம நான் மட்டும் எப்பிடி வந்து உக்கார்றது? நாளைக்கு ஒரு சொல்லு வந்துருமல்ல."

மாமா என்றால் அவருடைய தாய்மாமன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. எங்கள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர். எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு இப்படிப்பட்ட ஒருவரைக் கூப்பிடாமல் விட்டால் பத்து வருடம் கழித்துக்கூட ஒரு சாவு வீட்டில் அது பேச்சாக வரும். போனில் கூப்பிட்டாலோ அதைவிட மோசம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு மட்டம் போட்டுவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு முழம் பூவோடு இருவரும் போய் நின்றோம்.

"வாங்க கண்ணு, வாங்க அம்மணி" என்று வாசலுக்கே வந்துவிட்டார். இளநீர் வெட்டச் சொன்னார். நான் தட்டை நீட்டினேன். நீட்டின கையோடு வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"மாமா, நீங்க வந்து முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்க."

தட்டை நீட்டினால் எங்கள் வாயில் தானாக வருகிற சொல் அது. காது குத்தானாலும் புதுமனையானாலும் அதைத்தான் சொல்வோம். அதைச் சொல்லித் தட்டு கொடுத்தவர்கள், கொடுக்கப்பட்டவர் வந்து நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும், எது நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு அவரை மேடையேற்றி முதல் மரியாதை செய்ய வேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் வெற்றிலை பாக்கோடு போய் வைத்துக்கொண்டேன்.

"ஆகட்டுமுங்க அம்மணி. நம்ம ஊட்டு விசேசம், நான் வராம?" என்றார் மாமா. இயக்குநரிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஒரு வயசாளி வந்து பார்வையாளரோடு பார்வையாளராக உட்கார்ந்துவிட்டுப் போவார் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

நாடகத்தன்று சரியாக ஆறு மணிக்குத் திரை திறந்தது. அரங்கு நிறைந்திருந்தது. பஸ் கிளம்பியது, கூட்டுப் பாட்டுக்கு ஜனங்கள் விசில் அடித்தார்கள், கண்டக்டராக நடித்த பெண் தவறாகச் சொன்ன வசனத்துக்குக்கூடச் சிரித்தார்கள். ஏழரை மணி ஆகப்போகிற நேரம், இன்னும் இரண்டு காட்சி தாண்டினால் என் பாட்டு. தலையில் நரைக்காகப் பவுடர் தடவிக்கொண்டு, தூக்குப்போசியோடு பக்கத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போது வீட்டுக்காரர் அங்கே வந்தார். அந்த இடத்துக்கு அவரை யார் விட்டார்கள் என்று தெரியவில்லை.

"அம்மணி, மாமா வந்துபோட்டாருங்க. பொள்ளாச்சி ரோட்டுல ஒரே ட்ராபிக்காம். கையோட எல்லாத்துக்கும் பொன்னாடை வாங்கியாந்திருக்காரு. ரெண்டே நிமிசம், சொல்லிப்போடுங்க."

பதற்றத்தில் எனக்கே மரியாதை போட்டுப் பேசினார். நான் இயக்குநரிடம் போனேன். அவன் விளக்குப் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். சொன்னேன். அவன் கோபப்படவில்லை, அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

"அக்கா, இது ரெண்டு நிமிஷத்துல முடியாது, அரை மணி நேரம் ஆகும். எட்டரைக்கு ஹால்ல லைட்டை அணைச்சுடுவாங்க. மத்த காட்சியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னியிருக்கு. வெட்டறதுக்கு இருக்கறது உங்க பாட்டு ஒண்ணுதான். நீங்களே சொல்லுங்க. நிறுத்தவா, வேண்டாமா?"

திரை இடுக்கில் பார்த்தேன். மாமா முதல் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காரவில்லை. வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சப்பை. அவர் உட்காராததால் வீட்டுக்காரரும் அவருக்குப் பின்னால் கை கட்டி நின்றார். அவர்கள் நிற்பதைப் பார்த்து எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு வரிசையே எழுந்து நின்றது. பின்னால் இருந்தவர்களுக்கு மேடை மறைந்தது, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அந்த மனிதர் எழுபத்தைந்து வயதில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், நான் தட்டு கொடுத்துக் கூப்பிட்டதற்காக.

"நிறுத்திருங்க" என்றேன்.

விளக்கைப் போட்டார்கள். மாமா மேடை ஏறினார். பஸ் நாற்காலிகளை ஒதுக்கி அவருக்கு இடம் செய்தோம். பொன்னாடைத் தட்டை யார் பிடிப்பது என்று ஒரு கணம் எல்லோரும் முழித்தார்கள். வீட்டு மருமகள் நான் இருக்கும்போது வேறு யார் பிடிப்பார்கள்? தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டேன். மாமா ஒவ்வொருவராகப் போர்த்தினார், ஒவ்வொருவரிடமும் சொந்த ஊரைக் கேட்டார். தாராபுரம் என்று ஒரு பையன் சொல்லிவிட, அங்கே தனக்குத் தெரிந்த குடும்பங்களை வரிசையாக விசாரித்தார். விளக்குப் போட்டவனையும் கூப்பிட்டுப் போர்த்தினார். கடைசிப் பொன்னாடை எனக்கு.

"அருமையா நடிச்சீங்க அம்மணி" என்றார். என் காட்சி இன்னும் வரவே இல்லை.

பிறகு மைக்கில் பேசினார். அவர் காலத்துப் பஸ்ஸைப் பற்றி, பொறுமையாக, நன்றாகவே பேசினார். கை தட்டினார்கள். முப்பத்தைந்து நிமிடம் போயிருந்தது.

மறுபடி இருட்டு. பஸ் கிளம்பியது. கடைசிக் காட்சியில் நான் எழுந்து நின்றேன். கீபோர்டுக்காரர் பழக்க தோஷத்தில் என் பாட்டின் முதல் இரண்டு சுரத்தை வாசித்துவிட்டு, ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார். எனக்கு வாய் திறந்தே விட்டது. மூடிக்கொண்டேன். மணிக் கயிற்றை இழுத்தேன், இறங்கினேன், நடந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். என் விஷயத்தில் தாழியைப் போட்டு உடைத்ததும் நான்தான்.

வெளியே வந்து ஆட்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டேன். கதையில் ஏதோ குறைகிறது என்று ஒருவராவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பாட்டில்தான் கதை இருக்கிறது என்று இருபத்தைந்து வருடமாக ஊரெல்லாம் வாதாடியவள் நான். ஒருவரும் சொல்லவில்லை. அந்தத் தாயாருக்கு இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். "சூப்பருங்க, நல்லாப் புரிஞ்சுது" என்றார்கள்.

காரில் வீட்டுக்காரர் சந்தோஷமாக இருந்தார். "மாமாவுக்கு நெம்ப திருப்தி அம்மணி."

"எம் பாட்டு?" என்றேன்.

"அதான் கேட்டனே. எல்லாருஞ் சேந்து பாடுனீங்களே, விசில்கூட அடிச்சாங்களே. நல்லா இருந்துச்சு."

மகள் வீட்டுக்குப் போகிறவளின் பாட்டு ஒன்று இருந்தது, அதை உங்களுக்காகத்தான் ஏழு மாதம் பழகினேன், உங்களைக் கூட்டிவரத்தான் மாமாவைக் கூப்பிட்டேன், மாமாவுக்காக அதை வெட்டச் சொன்னேன். இது அத்தனையும் சொல்லியிருக்கலாம். சுங்கம் சிக்னலில் வண்டி நின்றிருந்தது. "ஆமாங்க" என்றேன்.

இன்னொரு முறை போடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. பாக்கலாம் பாக்கலாம் என்றார்கள். கீபோர்டுக்காரர் சென்னைக்கு மாறிப் போனார், இயக்குநருக்குக் கல்யாணம் ஆனது. மண்டபத்தை இடித்துவிட்டார்கள்.

போட்டோவை மாமாவே பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தார். நடுவில் மாமா, அவர் எதிரே குனிந்து நிற்கும் இயக்குநர், பக்கத்தில் பவுடர் தலையோடு தட்டு பிடித்துக்கொண்டு நான். வீட்டுக்காரர் அன்றைக்கே ஆணி அடித்து, உள்ளே நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது யாரு கலியாணமுங்க?" என்கிறார்கள்.

"கலியாணமில்லீங்க" என்று அவர் பெருமையாகச் சொல்கிறார். "நம்ம அம்மணி மேடையேறிப் பாடுனாங்கல்ல, அப்ப எடுத்ததுங்க."

வந்தவர்கள் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். "அப்பிடீங்களா? நீங்க பாடுவீங்களா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போகிறேன்.