கதவைச் சாத்திக்கொண்டு கற்ற கராத்தே

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம். எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். வளவனூரில் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டுத் திண்டிவனம் திரும்ப, விழுப்புரத்தில் பஸ் மாறினோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். நான் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு உங்கள் அம்மாவுக்கு ஓர் இடம் பிடித்தேன். நம் பக்கத்தில் துண்டு விழுந்தால் இடம் துண்டுக்காரருக்குத்தான், உங்களுக்கே தெரியும். உள்ளே ஏறிப் பார்த்தால், என் துண்டை மடித்து முதுகுக்கு வைத்துக்கொண்டு ஒருவர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

இது எங்கள் இடம் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் எழுந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். மேல் பட்டன் தெறித்து எங்கேயோ போனது. எனக்குக் கையும் எழவில்லை, வாயும் எழவில்லை. கூட்டேரிப்பட்டில் இடம் கிடைக்கும் வரை உங்கள் அம்மா நின்றபடியே வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவள் சட்டைக்கு வேறு பட்டன் வைத்துத் தைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய ஒரு கராத்தே புத்தகத்தை வாங்கினேன். நான் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் ரைஸ் மில்லில் ஃபிட்டர் வேலை. படத்தைப் பார்த்து மிஷினையே பிரித்து மாட்டுகிறவன், என் கை காலை மாட்ட மாட்டேனா என்ற தைரியம்.

அப்போது நாங்கள் இருந்தது திண்டிவனத்தில் ஒரு லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து குடித்தனம். இந்தச் சுவரில் ஆணி அடித்தால் அந்தச் சுவரில் காலண்டர் ஆடும். வயசான காலத்தில் இவனுக்கு இது தேவையா என்று சிரிப்பார்களே என்ற வெட்கத்தில் (எனக்கு அப்போது வயது இருபத்தாறு) கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விடிகாலையில் பழகினேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று உங்கள் அம்மாவிடம் சத்தியமே வாங்கிக்கொண்டேன்.

எதிராளிக்கு எங்கே போவது? கோரைப் பாய்க்குள் தலையணையை வைத்துச் சுருட்டி, கயிறு கட்டி, மூலையில் நிறுத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் அடிவயிற்றிலிருந்து சத்தம் வர வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. போட்டிருந்தால் செய்ய வேண்டியதுதானே? 'ஹா' என்று கத்திக் குத்துவேன். பாய் தொப்பென்று சுவரில் சாயும். அடுப்படியில் உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பு முற்றினால் விசும்புகிற மாதிரியே இருக்கும். எட்டி உதைக்கும்போது கால் அரிசிப் பானைப் பக்கம் போனால், போதும் விடுங்க, விடுங்க என்று கெஞ்சுவாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு இதில் எது கேட்டிருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

போதாக்குறைக்கு, ஒரு நாள் சோறு வடிக்கும்போது உங்கள் அம்மா கையில் கஞ்சி கொட்டிவிட்டது. துணி சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். முன் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா, கையில் என்ன என்று விசாரித்திருக்கிறார். கஞ்சி கொட்டிடுச்சி என்று இவள் உண்மையைச் சொன்னாள். அடி வாங்குகிற பெண்கள் எல்லோரும் சொல்கிற பதிலும் அதுதானாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குக் குழம்பு வர ஆரம்பித்தது. உங்கள் அம்மாவைப் பார்த்தால் எல்லோருக்கும் பரிவு. என்னைப் பார்த்தால் ஒருவரும் பேசுவதில்லை. என்னோடு சைக்கிளில் மில்லுக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விடுவார். அவருக்கு என்ன கோபமோ என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது கதவு இடிபட்டது. திறந்தால், உங்கள் பெரிய மாமா. டிராக்டரில் கரும்பு ஏற்றுகிறவர், ஆள் எப்படி இருப்பார் என்று நான் சொல்ல வேண்டாம். வீட்டுக்கார அம்மா வளவனூருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். முதல் பஸ்ஸில் வந்தவர் வாசலில் நின்று எல்லாச் சத்தத்தையும் கேட்டிருக்கிறார்.

"எங்க வூட்டுப் பொண்ண அடிக்கிறியாடா?" என்று என் பனியனைக் கொத்தாகப் பிடித்தார்.

அப்போது எனக்குப் பயமே வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. மூன்று மாதமாகப் பாயைத் தவிர யாரும் கிடைக்காதவனுக்கு, புத்தகப் படத்தில் இருந்த அதே பிடி, அதே உயரத்தில் கிடைத்திருக்கிறது.

"மச்சான், அப்டியே புடிச்சிக்கினு இருங்க, விட்டுடாதீங்க" என்றேன்.

ஒரு காலைப் பின்னே வைத்து, இரண்டு கையையும் கோர்த்து அவர் கைகளுக்கு நடுவே மேலே தூக்கி, இடுப்பைத் திருப்பினேன். பனியன் பாதி அவர் கையோடு போனது. மீதிப் பாதியோடு நான் நின்றேன். அவர் தடுமாறிப் போய்ப் பாயின் மேல் உட்கார்ந்தார்.

வித்தை வேலை செய்துவிட்டது. ஆனால் நேரம்தான் சரியில்லை. மாமா எழுந்து என்னைப் பார்க்கக்கூட இல்லை. தங்கச்சியிடம், "பொடவைய எடுத்து வை. கெளம்பு, போலாம்" என்றார். வாசலில் ஐந்து குடித்தனமும் நின்றது. நடுவில் வீட்டுக்கார அம்மா. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கியதும் அன்று பஸ்ஸில் போன மாதிரியே வாய் அடைத்துக்கொண்டது.

உங்கள் அம்மா சத்தியத்தை மீறினாள். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து புத்தகத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் நடந்ததிலிருந்து பாய் வரை ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கி நீங்க அந்த ஆள அடிக்கலன்னு எனக்கு வருத்தமே இல்ல. வூடு வந்து சேர்ற வரிக்கும் என்கிட்ட பேசலியே, அதான். நான் நின்னுக்கினு வந்ததுக்கு என்மேல கோவமோன்னு இருந்தேன்."

மூன்று மாதம் நான் குத்திய குத்தெல்லாம் எதற்கு என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியவில்லை. தப்புதான், பயந்துட்டேன், அதைச் சொல்ல வெட்கம் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சொல்வது குத்துவதைவிடக் கஷ்டமாகத்தான் இருந்தது. மாமா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, நான் செய்த பக்கத்தைக் கண்டுபிடித்து, "இதா? இடுப்ப இன்னம் திருப்பணும் போலக்குதே மாப்ள" என்றார். பிறகு தனியாகத்தான் பஸ் ஏறினார்.

வீட்டுக்கார அம்மா மட்டும் அவ்வளவு சீக்கிரம் நம்பவில்லை. உங்கள் அம்மாவைத் தனியே கூட்டிப்போய் மறுபடி விசாரித்தார். வந்து என்னிடம், "நாளையிலேந்து கதவத் தொறந்து வெச்சிக்கினு கத்து" என்றார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. உங்கள் அம்மாவுக்கு ஒன்று என்றால் கேட்க ஆள் இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் கதவைத் திறந்தேன். அவர் தம் வாசலில் நாற்காலியைப் போட்டு, காப்பி டம்ளரோடு தயாராக உட்கார்ந்திருந்தார். கூச்சத்தில் என் சத்தம் பூனைச் சத்தமாக வந்தது. கால் முட்டிக்கு மேல் எழும்பவில்லை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ பேஜாரு? கால நல்லா தூக்கு" என்றார்.