டெம்பர் உள்ள மாப்பிள்ளை

ராஜபாளையத்தில் நான் ஃபிட்டராக இருந்த மில்லில் டெம்பர் என்பது உளிக்கு உரிய சொல். இரும்பு வெட்டும் உளியைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கிப் பதம் பார்ப்போம். பதம் தப்பினால், "டெம்பர் போச்சு" என்று ஓரமாகப் போட்டுவிடுவோம். எண்பதுகளின் கடைசியில், சூப்பர்வைசரிடம் கத்தியதற்காக எனக்கு வந்த ஆங்கில மெமோவில் அதே சொல் இருந்தது. எனக்கு டெம்பர் அதிகமாம். விளக்கம் எழுத வேண்டுமாம்.

ஆபீஸில் இருந்த தலையணை மொத்த ஆங்கில அகராதியை வாங்கிப் புரட்டினேன். அந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீன். சரியான அளவில் கலப்பது என்று பொருள். உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நாலு நீர் உண்டு, அவை கலந்திருக்கும் அளவுதான் ஒருவனுடைய குணம் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் நம்பினார்களாம். எங்கள் வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டார். எந்தக் கணக்கில் பார்த்தாலும் என்னிடம் கோபத்தைக் கிளப்பும் பித்தம் கூடுதல்.

அந்த வாரம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பாடத் தெரியுமா என்று என் அத்தை கேட்டதற்கு, "தெரியாது. தையல் மெஷினக் கழட்டி மாட்டத் தெரியும்" என்றாள் அந்தப் பெண். ஃபிட்டருக்கு வேறென்ன வேண்டும்? என் கோபத்தால் இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் என்ன செய்வது என்று எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் குணத்தை அவன் வீட்டில் கேட்க மாட்டார்கள். அவன் டீ குடிக்கிற கடையில் ஆள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அதனால் மில் வாசல் டீக்கடையில் நான் சாதுவாகிவிட்டேன். "சீனியே போடல, வாயத் தெறக்க மாட்டேங்கீயளே" என்று டீ மாஸ்டரே பயந்துபோனார்.

நாலாம் நாள், மஞ்சள் பை வைத்திருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரைப் பிடுங்கினார். பொறவு என் புது பேண்ட்டில் டீயை ஊற்றினார். "பரவாயில்ல அண்ணாச்சி" என்று சிரித்தேன். தொடை வெந்துகொண்டிருந்தது.

மறுநாள் கல்யாணத் தரகர் வந்தார். டீயை ஊற்றியவர் பெண்ணின் தாய்மாமனாம்; நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று ஊரில் இல்லையாம். "பையனுக்குச் சூடு சொரணையே இல்லங்காவ. வேண்டாமாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அடுத்த பஸ்ஸைப் பிடித்து பெண் வீட்டு வாசலில் போய் நின்றேன். மாமனைப் பார்த்ததும், "கொதிக்கிற டீய ஊத்திட்டு எனக்கா சொரணை இல்லங்கீய?" என்று ஆரம்பித்தேன். தெருவே கூடிவிட்டது.

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். "அவிய மேல டீய ஊத்தினீயளா மாமா? தொடை வெந்து போயிருந்தா யாரு பதில் சொல்றது?" என்று பிடித்துக்கொண்டாள். என்னைவிட இரண்டு மடங்கு சத்தம். அவள் பேசப் பேச என் கோபம் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நானே, "விடுங்க, பாவம்" என்றேன். என் வாழ்நாளில் அதுவரை நான் யாரையும் சமாதானப்படுத்தியதில்லை.

மாமன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தரகர வரச் சொல்லு" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த மாதிரி மெமோ எனக்கு வரவே இல்லை. வீட்டுக்குத் தேவையான கோபம் முழுவதையும் அவளே பட்டுத் தீர்த்துவிடுகிறாள்.